இங்கிலீஷ் ப்ளீஸ், மேடம்

போன மாதம் என் வீட்டு வாஷிங் மெஷின் பாதியில் நின்றுவிட்டது. நான் பல வருடம் வேலை பார்த்த இடத்துக்கே போன் போட்டேன். அந்த எண் எனக்கு மனப்பாடம். மனிதர் யாரும் எடுக்கவில்லை. பதிவு செய்த பெண் குரல் ஒன்று நான்கு மொழிகளில் வணக்கம் சொல்லி, எந்த மொழி வேண்டும் என்று கேட்டது. தமிழ் என்றேன். என்ன கோளாறு என்று விளக்கமாகச் சொல்லச் சொன்னது. நான் பழைய பழக்கத்தில், "ஙொய்ய்ய்... டொக், டொக்" என்றேன்.

"மன்னிக்கவும். நீங்கள் கூறியது புரியவில்லை" என்றது அந்தக் குரல்.

இன்னும் தெளிவாக ஒருமுறை செய்து காட்டினேன். மறுபடியும் மன்னிப்புக் கேட்டது. சோபாவில் இருந்த என் மகளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு வந்து, "அம்மா, இதை எழுதுங்க. நீங்க இப்படித்தான் சம்பாதிச்சீங்கன்னு யாரும் நம்ப மாட்டாங்க" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

நான் படித்தது படிவம் ஐந்து, அதாவது பதினோராம் வகுப்பு வரை. எனக்கு ஆள் முகத்தைப் பார்த்துப் பேச வராது. கடைக்குப் போனால் விலை கேட்கக் கூச்சப்பட்டு, விலை ஒட்டியிருக்கும் பொருளாகப் பார்த்து வாங்கி வருவேன். பினாங்கில் பாயான் பாரு என்ற இடத்தில் வீட்டு மின்சாதனக் கம்பெனி ஒன்றின் சேவை நிலையத்தில் போன் எடுக்கும் வேலை என்றதும் சேர்ந்ததற்குக் காரணமே அதுதான். என்னை யாரும் பார்க்கப் போவதில்லை. பயிற்சி என்று சில வாரங்கள் நடந்தன. அதில் எனக்கு நினைவிருப்பது குளிர்சாதனத்தின் குளிர் மட்டும். கற்றுக்கொண்டதெல்லாம் பிறகுதான், புவான் ரொஹானாவிடம்.

புவான் ரொஹானா எங்கள் மேற்பார்வையாளர்; புவான் என்றால் மலாயில் திருமதி. மலாய்க்காரர், பருமனான உடம்பு, மெல்லிய குரல். கண்ணாடி அறைக்குள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எங்கள் அழைப்புகளில் ஏதாவது ஒன்றுக்குள் நுழைந்து கேட்டுக்கொண்டிருப்பார். யாருடைய அழைப்பு என்று நமக்குத் தெரியாது. அவர் ஒருநாளும் யாரையும் திட்டியதில்லை. மேசையில் இரண்டு ஜாடிகள் வைத்திருப்பார். பினாங்கில் ஜெருக் என்று விற்பார்களே, பழ ஊறுகாய், அதுதான். ஒன்றில் சர்க்கரையில் ஊறிய ஜாதிக்காய். இன்னொன்றில் கண்ணைச் சுருக்க வைக்கும் புளிப்பு மாங்காய். நன்றாகப் பேசினால் உங்கள் மேசைக்கு ஜாதிக்காய் வரும். தவறு செய்தால் மாங்காய். அதை அவர் முன்னாலேயே தின்ன வேண்டும். ஒரு வார்த்தை பேசாமல் நம் முகம் கோணுவதைப் பார்த்துவிட்டுப் போவார்.

மாங்காயைத் தாராளமாகக் கொடுப்பார். ஜாதிக்காயைக் கத்தரிக்கோலால் நறுக்கி நறுக்கித்தான் கொடுப்பார். எங்கள் வரிசையில் தமிழ்ப் பெண்கள் நாலைந்து பேர் இருந்தோம். அவருக்கு ஊறுகாய்க்காரம்மா என்று பெயர் வைத்து, அவர் பக்கத்தில் நிற்கும்போதே தமிழில் அவரைப் பற்றிப் பேசிக்கொள்வோம். நான் அதிகம் வாய் திறக்கமாட்டேன். ஒரு தடவை மட்டும் என் உள்ளங்கையில் விழுந்த துண்டைப் பார்த்து, "எறும்புக்கு வச்சாகூட இதைவிடப் பெருசா வைப்பாங்க" என்று சொல்லிவிட்டேன். வரிசையே சிரித்தது. என் வாழ்க்கையில் நான் சொல்லி நாலு பேர் சிரித்த நகைச்சுவை அது ஒன்றுதான். அதனால் மறக்கவில்லை.

எங்களை அழைப்பவர்களில் பாதிப் பேருக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான் வரும். ஆனாலும் கம்பெனி எண் என்றால் இங்கிலீஷில்தான் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, இருக்கிற வார்த்தைகளையெல்லாம் திரட்டிக்கொண்டு வருவார்கள். அவர்களோடு எப்படிப் பேசுவது என்பதில் புவான் ரொஹானா மிகவும் கண்டிப்பு. குரலை உயர்த்தக் கூடாது, அவர்களுக்கு வராதது மொழிதான், காது நன்றாகக் கேட்கிறது என்பார். அவர்கள் தேடும் வார்த்தையை நாம் முந்திக்கொண்டு எடுத்துக் கொடுக்கக் கூடாது, காத்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, "புரிகிறதா" என்று மட்டும் கேட்கவே கூடாது. அந்தக் கேள்விக்கு உலகத்தில் யாரும் "இல்லை" என்று பதில் சொன்னதில்லை.

அது எவ்வளவு உண்மை என்று எனக்கு ஒரு சீனப் பெரியவர் காட்டினார். நான் சொன்னதற்கெல்லாம் "எஸ், எஸ்" என்றார். கதவைத் திறந்தீர்களா, எஸ். பொத்தானை அழுத்தினீர்களா, எஸ். மகிழ்ச்சியாக அழைப்பை முடித்தேன். அவர் மெஷின் பக்கமே போகவில்லை, வாசலில் உட்கார்ந்துகொண்டு மரியாதைக்காக எஸ் சொல்லிக்கொண்டிருந்தார் என்று மறுநாள் வீட்டுக்குப் போன மெக்கானிக் சொன்னார். எனக்கு இரண்டு துண்டு மாங்காய். அதன் பிறகு நான் புரிகிறதா என்று என் மகளைக்கூடக் கேட்டதில்லை. இப்போது என்ன தெரிகிறது, இப்போது என்ன கேட்கிறது என்றுதான் கேட்பேன்.

கேட்கிறது என்றதும் சத்தத்துக்கு வந்துவிட்டோம். இதுவும் புவான் ரொஹானாவின் ஏற்பாடுதான். வார்த்தை இல்லாதவரிடம் வார்த்தை கேட்டால் வெட்கப்படுவார், சத்தத்தைக் கேள் என்பார். மெஷின் எப்படிச் சத்தம் போடுகிறது என்று வாடிக்கையாளர் செய்து காட்ட வேண்டும். அவர் கூச்சப்படாமல் இருக்க, நாம் முதலில் செய்து காட்ட வேண்டும். புவான் ரொஹானா பம்பு அடைத்த சத்தம், பெல்ட் தேய்ந்த சத்தம், டிரம்முக்குள் காசு விழுந்த சத்தம் எல்லாவற்றையும் அச்சு அசலாகச் செய்வார். அந்த உடம்பிலிருந்து அப்படிச் சத்தங்கள் வருவதைக் கேட்கவே ஒரு கூட்டம் கூடும். எனக்கோ உயிர் போகும். முதல் மாதம் மேசைக்கு அடியில் பேனாவைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டு அங்கிருந்துதான் டொக், டொக் என்பேன். போகப்போக நிமிர்ந்து உட்கார்ந்தே செய்யப் பழகிவிட்டேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது தலைமையகத்திலிருந்து புது விதி ஒன்று வந்தது. வாடிக்கையாளரின் இங்கிலீஷ் தடுமாறினால், உடனே அவருடைய சொந்த மொழிக்கு மாறிவிட வேண்டும். திரையில் பெயரைப் பார்த்தாலே தமிழரா, சீனரா, மலாய்க்காரரா என்று தெரிந்துவிடும் அல்லவா. நல்ல எண்ணத்தில் வந்த விதிதான். மீறுகிறவர்களைக் கீழ்த்தளத்துக் கவுன்டருக்கு மாற்றுவார்கள் என்றும் சொன்னார்கள். கவுன்டர் என்றால் நேருக்கு நேர். நாள் முழுக்க முகங்கள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அடுத்த வாரமே மாணிக்கம் அண்ணனின் அழைப்பு வந்தது.

திரையில் பெயர் மாணிக்கம், இடம் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி. நான் விதிப்படி வணக்கம் சொல்லி, என் பெயர் செல்வி என்றேன். அவர் ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தார். "மேடம். மை மெஷின் ஸ்டாப். டோர் நோ ஓப்பன். வாட்டர் இன்சைட்." கதவு பூட்டிக்கொண்டது, உள்ளே தண்ணீர் நிற்கிறது. எனக்குப் புரிந்தது. இங்கிலீஷ் தடுமாறுகிறது என்பதும் புரிந்தது. கண்ணாடி அறையைப் பார்த்தேன். புவான் ரொஹானா என் அழைப்பில்தான் இருந்தார். இரண்டு விரலை உதட்டுக்கு முன்னால் வைத்துத் திருப்பிக் காட்டினார். மொழியை மாற்று என்று அர்த்தம்.

"அண்ணே, நீங்க தமிழ்லேயே..." என்று ஆரம்பித்தேன்.

"நோ, நோ" என்று அவர் பாய்ந்தார். "இங்கிலீஷ் ப்ளீஸ், மேடம். ஒன்லி இங்கிலீஷ்."

கௌரவம் பார்க்கிறார் என்று நினைத்தேன். நினைத்ததும் எனக்கு அவர்மேல் ஒரு பாசம் வந்துவிட்டது. கூச்சக்காரிக்குத் தெரியும், ஒரு வார்த்தையை வெளியே கொண்டுவர எவ்வளவு பாடு என்று. அவ்வளவு பாடுபட்டு ஒரு மனிதர் இங்கிலீஷில் நிற்கிறார். அவரைப் பிடித்துத் தமிழில் தள்ளுவது, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தவரிடம் உங்களுக்குக் கைலிதான் சரி என்று சொல்வதுபோல. நான் சின்னச் சின்ன இங்கிலீஷ் வார்த்தைகளாகப் பொறுக்கிப் பேசினேன். கண்ணாடிக்குப் பின்னால் விரல்கள் மறுபடியும் திரும்பின. நான் தலையை ஆட்டி மறுத்தேன். மேலதிகாரிக்கு நான் மறுப்புச் சொன்னது அதுவே முதல் தடவை. கீழ்த்தளத்துக் கவுன்டர் கண்ணுக்கு முன்னால் வந்து போனது.

அவர் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கீழே வைத்திருந்தார். வீடு முழுக்கக் கேட்டது. பின்னால் அவர் மனைவியின் குரல், நல்ல கனமான தமிழில்.

"நான் பாசார் போயி, மீன் வாங்கி, கழுவியும் வச்சிட்டேன். இவரு இன்னும் அந்தப் பெட்டி முன்னாடியே குந்திக்கிட்டு இருக்காரு. நாளைக்குப் பொண்ணுக்குப் பரிசம். வீடு கெடக்குற கெடையப் பாரு."

நான் கேளாதவள்போல், என்ன சத்தம் வந்தது என்று அவரிடம் கேட்டேன். அவர் தயங்கினார். முறைப்படி நான் முதலில் ஒன்று செய்து காட்டினேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கர்ர்ர்... டக்" என்றார்.

"கர்ர் டக்?" என்றேன்.

"நோ, மேடம். கர்ர்ர்ர்ர் லாங். டக் ஸ்மால்."

"கர்ர்ர்ர்ர்ர்... டக்?"

"எஸ், மேடம். வெரி குட்."

"போன்ல யாருகிட்டங்க இப்படி உறுமுறீங்க?" என்றது பின்னாலிருந்த குரல். "எதிர்ல இருக்கிறவங்களும் உறுமுறாங்க. நல்ல கம்பெனிலா."

கண்ணாடி அறையில் புவான் ரொஹானா நாற்காலியோடு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு மட்டும்தான் தெரிந்தது. கோபம் முற்றிவிட்டது என்று நினைத்தேன்.

சத்தம் நீளமாக வந்து சின்னதாக டக் என்றால், தண்ணீரை வெளியேற்றும் பம்பில் அடைப்பு. எதனால் அடைப்பு என்று நான் கேட்பதற்குள் மனைவியே சத்தமாகச் சொல்லிவிட்டார்: "கீழ இருக்கிற அந்தச் சின்ன மூடியத் தொறந்து சுத்தம் பண்ணுங்கன்னு எத்தன வாட்டி சொல்லியாச்சு. சட்டைப் பையில கச்சாங் தோல வச்சிக்கிட்டே துவைக்கப் போட்டா, எல்லாம் அதுக்குள்ளதான் போயி அடைக்கும்."

கச்சாங் என்றால் எங்கள் ஊரில் நிலக்கடலை. நான் இங்கிலீஷில், சார், கீழே ஒரு சின்ன மூடி இருக்கும், அதற்குள் கடலைத்தோல் இருக்கலாம் என்றேன்.

"மேடம், ஹவ் யூ நோ?" என்றார் அவர், பயபக்தியோடு.

மூடியைத் திறப்பதற்கு முன் நாங்கள் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. டிரம்முக்குள் என்ன துணி இருக்கிறது? சாதாரணத் துணி என்றால் வேகமாகச் சுழலவிட்டு அடைப்பைத் தள்ளிப் பார்க்கலாம். கேட்டேன்.  அவர் போனுக்குப் பக்கத்தில் குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"மேடம். இன்சைட், மை வைஃப் வெட்டிங் சில்க். டுமாரோ ஷி வேர். மை வைஃப் டோன்ட் நோ."

 பரிசத்துக்கு மனைவி கட்டப்போகும் கல்யாணப் பட்டு. அதை இவர் மெஷினுக்குள் போட்டிருக்கிறார். மனைவி பின்னால் நிற்கிறார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது என்பதால்தான் இந்த மனிதர் உயிரைப் பிடித்துக்கொண்டு இங்கிலீஷ் பேசுகிறார். நான் மட்டும் விதிப்படி தமிழுக்கு மாறி, உள்ளே என்ன துணி அண்ணே என்று ஸ்பீக்கரில் கேட்டிருந்தால்?

சுழலவிட வேண்டாம், எந்தப் பொத்தானையும் தொட வேண்டாம் என்று இங்கிலீஷில் மன்றாடினேன். தண்ணீரை வடித்தால் கதவு திறந்துவிடும். ஆனால் திறந்தால் மனைவி பார்த்துவிடுவார். "ஷி ஸ்டாண்டிங் ஹியர்" என்றார் அவர், அழுகிற குரலில். இதற்கு எங்கள் பயிற்சியில் பதில் இல்லை.

அப்போதுதான் அந்த அம்மா சொன்னார்: "சரி, நான் கீழ போயி பூ சொல்லிட்டு வர்றேன். வர நேரமாவும். தண்ணி கொட்டுனா தொடைச்சி வைங்க."

இரும்புக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அடுத்த கணமே மாணிக்கம் அண்ணன் அணை உடைந்ததுபோல் தமிழில் கொட்டினார்.

"தங்கச்சி, செல்வி, காப்பாத்தும்மா. அயர்ன் பண்றேன்னு எடுத்தேன், கோப்பிய ஊத்திட்டேன். அலசிடலாம்னு உள்ள போட்டேன், இந்த மெஷின் கதவ இழுத்துச் சாத்திக்கிச்சி. அவளுக்கு மலாய் தெரியும்மா, சீனங்க பேசுற ஹொக்கியன்கூடத் தெரியும். இந்த இங்கிலீஷ் ஒன்னுதான் தெரியாது. அதான் உன்ன அப்படி வெரட்டுனேன், மனசுல வச்சிக்காத."

மூடியைத் திறக்கச் சொன்னேன். தட்டு வைத்துத் தண்ணீரை வடிக்கச் சொன்னேன். ஒரு பிடி கடலைத்தோல் வந்தது. பிறகு ஒரு சின்ன சத்தம். க்ளிக். எங்கள் தொழிலில் அதைவிட இனிமையான சத்தம் இல்லை. சேலை முழுசாக இருந்தது, சொட்டச் சொட்ட. பிழியக் கூடாது, துண்டில் சுருட்டி ஈரத்தை எடுத்து, வெயில் படாமல் காற்றில் போட வேண்டும் என்றேன். இது எங்கள் கம்பெனிப் பாடத்தில் இல்லை, என் சொந்தப் பாடம். மாடிப்படிப் பக்கம் லிம் என்று ஒரு சிநேகிதர் இருக்கிறார், அங்கே ஃபேன் போட்டுக் காயவைக்கிறேன் என்று ஓடினார். போனை வைக்கக்கூட மறந்துவிட்டார்.

புவான் ரொஹானா அறையிலிருந்து வந்தார். இரண்டு கையிலும் இரண்டு ஜாடிகள். என் மேசை அருகே நின்றார், யோசித்தார். எதையும் திறக்கவில்லை. வாடிக்கையாளரைத் திரும்ப அழைத்துக் கேட்ட பிறகு பார்ப்போம் என்று மெல்லிய இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் போனார். பழுது சரியானதா என்று சில நாட்கள் கழித்துக் கூப்பிட்டுக் கேட்பது எங்கள் முறை. அந்தச் சில நாட்களும் நான் வீட்டுக் கண்ணாடி முன் நின்று, முகத்தைப் பார்த்துப் பேசிப் பழகிக்கொண்டிருந்தேன். கவுன்டருக்குத்தான்.

திரும்ப அழைத்தபோது மனைவிதான் எடுத்தார். நான் விதிப்படி இங்கிலீஷில் ஆரம்பித்துவிட்டு, இவருக்குத் தெரியாதே என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். அதற்குள் அவர், குட் மார்னிங், மெஷின் நன்றாக வேலை செய்கிறது, உங்கள் உதவிக்கு நன்றி என்று என்னைவிட நல்ல இங்கிலீஷில் சொல்லி முடித்தார். 

"செல்விதான?" என்றார், தமிழில். சிரிப்பு குரலிலேயே தெரிந்தது. "பயப்படாதீங்க, அவரு வெளிய போயிட்டாரு. நான் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில இத்தன வருஷம் லைன் லீடரா இருந்தவ. எனக்கு இங்கிலீஷ் தெரியாமலா? அங்க மலாய்லதான் பேசிக்குவாங்கன்னு இவரு அவரா நினைச்சிக்கிட்டாரு. நானும் இல்லன்னு சொல்லல. அவரு தம்பிகூட ரகசியம் பேசுறதெல்லாம் இங்கிலீஷ்லதான். எல்லாம் காதுல விழும்லா, ஏன் கெடுத்துக்கணும்?"

அப்படியானால் கச்சாங் தோல்?

"உங்களுக்குத்தான் சொன்னேன். பேரு செல்வின்னு கேட்டதும், சரி, இந்தப் பிள்ளைக்காவது வெளங்கட்டும்னு சத்தமா சொன்னேன்."

பூ சொல்லப் போனது?

"எங்க போனேன், நேரா லிம் வீட்டுக்குத்தான். உக்காந்து தேத்தண்ணி குடிக்கிறேன், இந்த மனுஷன் ஈரச் சேலையத் தூக்கிக்கிட்டு அங்கயே வர்றாரு. நான் அடுப்படிக்குள்ள போயி கதவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டேன். லிம் பொண்டாட்டி முகத்த அப்படியே வச்சிக்கிட்டு, ஃபேனும் போட்டுக் குடுத்தா."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அந்த அம்மாவின் குரல் சற்று இறங்கியது.

"நீங்க அன்னிக்கித் தமிழ்ல ஆரம்பிச்சீங்க பாருங்க, எனக்குப் பகீர்னுச்சு. தமிழ்ல அவரு அதச் சொல்லிட்டா நான் கோவப்பட்டே ஆவணும். நாளைக்குப் பரிசம், இன்னிக்கி வீட்டுல சண்டை. இங்கிலீஷ்ல சொன்னதால எனக்குத் தெரியாது. அவ்வளவுதான். நீங்க விடாம இங்கிலீஷ்லேயே பேசினீங்களே, அதுக்குத்தான் நன்றி."

சேலையைக் கட்டினீர்களா என்று கேட்டேன்.

"கட்டாம? ஒரு பக்கம் கொஞ்சம் சுருங்கியிருந்துச்சு. அந்தப் பக்கத்த உள்ள சொருகிட்டேன். இவரு அன்னிக்கி முழுக்க என்னையே பாத்துக்கிட்டு நின்னாரு, பரிசம் எனக்குத்தாங்கிற மாதிரி. அவருகிட்ட சொல்லிடாதீங்க."

சொல்லமாட்டேன் என்றேன். அழைப்பை முடித்து, திரையில் வாடிக்கையாளர் திருப்தி என்று பதிந்தேன். நிமிர்ந்து கண்ணாடி அறையைப் பார்த்தேன். புவான் ரொஹானா காதில் ஹெட்போனோடு நாற்காலியில் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கும் இப்படித்தானே திரும்பினார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. 

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். ஒரே ஒரு ஜாடிதான் கையில். ஜாதிக்காய். கத்தரிக்கோல் இல்லை. ஒரு முழுத் துண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற குரலில், சுத்தமான பினாங்குத் தமிழில் சொன்னார்.

"சாப்பிடுங்க செல்வி. எறும்புக்கு வக்கிறத விடப் பெருசுதான?"

நான் தலையாட்டினேன். அவர் ஜாடியை மூடிக்கொண்டு, எதுவும் நடவாததுபோல் தம் அறைக்குப் போய்விட்டார். கவுன்டர் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

பக்கத்து மேசைப் பெண் என்னைப் பார்த்து, "முழுத் துண்டா அக்கா? ஊறுகாய்க்காரம்மாவுக்கு இன்னிக்கி என்ன கிறுக்குப் புடிச்சிருக்கு?" என்று சத்தமாகக் கேட்டாள். நான் ஜாதிக்காயை வாயில் போட்டுக்கொண்டு, தெரியாது என்று கையை விரித்தேன். நான் ஓய்வு பெறும்வரை அவர்கள் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.